உப்பைக் குறைத்துச் சமைத்தலும் உணவைக் கெடாமற் காத்தலும்

(பாகூர்ப் பகுதிக் குடும்பங்களுக்கு ஒரு பாடம்)

பாடத்தின் நோக்கம்

"உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்பது நம்மவர் பழமொழி. இதைக் கேட்டு வளர்ந்த நாம், உப்புக் குறைந்த ஆகாரத்தைப் பத்தியமென்றும் நோயாளியின் சோறென்றும் எண்ணி ஒதுக்கி வந்திருக்கிறோம். ஆனால் அப்பழமொழி வழங்கிய முற்காலத்தில் உப்பு இன்றுபோல் எளிதாகக் கிடைக்கவில்லை. 1815-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்து உடன்படிக்கையின்படி, புதுச்சேரி முதலிய பிரெஞ்சுப் பகுதிகளில் விளைந்த உப்பில் உள்ளூர்ச் செலவுக்குப் போக மிஞ்சியதை வாங்கும் உரிமையை, ஆண்டுக்கு 4 லட்சம் சிக்கா ரூபாய் கொடுப்பதாக ஒப்பி ஆங்கிலேயர் பெற்றுக்கொண்டனர். உப்பு அத்துணைப் பெறுமதியுடைய பண்டமாயிருந்தது. 1930 ஏப்பிரல் மாதத்தில் ராஜாஜியின் தலைமையில் தொண்டர்கள் திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்து சென்று உப்பெடுத்ததும், ஏழையின் கஞ்சிக்கும் விதிக்கப்பட்ட உப்பு வரியை எதிர்த்தே. அவ்வரி 1947-இல் எடுபட்டது.

அன்று அருமையாயிருந்த உப்பு, இன்று அடுப்படியிலுள்ள எல்லாப் பண்டங்களிலும் மலிவானது. மலிவான பொருளை அளந்து போடுவார் இலர். அளவின்றிப் போட்டதன் பலனை நம் தேகம் அநுபவிக்கிறது.

அடுப்படியில் உப்புக்கு இரண்டு வேலைகள் உண்டு. ஒன்று, உணவுக்கு ருசி கூட்டுவது. மற்றொன்று, பண்டத்தைக் கெடாமற் காப்பது. முதல் வேலையில் உப்பைத் தாராளமாகக் குறைக்கலாம். அதற்கு ஈடு செய்ய வேறு பண்டங்கள் நம்மிடம் ஏராளமாக உள்ளன. இரண்டாவது வேலையில் கண்ணை மூடிக்கொண்டு குறைத்தால் பண்டம் கெட்டு, உண்டவர்க்குக் கேடு நேரும். இவ்விரண்டையும் பிரித்தறிந்து, எங்கே குறைப்பது, எங்கே குறைக்கலாகாது என்று தெரிந்துகொள்வதே இப்பாடத்தின் நோக்கம். புதிதாகச் சமைக்கத் தொடங்குவோர், ஆணாயினும் பெண்ணாயினும், இதனைப் படிப்படியாகச் செய்து பார்க்கலாம்.

உப்பு உடம்பில் செய்வது

நாம் உண்ணும் உப்பு, சோடியம், குளோரைடு என்னும் இரண்டின் சேர்க்கை. எடையில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு சோடியம். அதாவது 5 கிராம் உப்பில் 2 கிராம் சோடியம் உண்டு. நரம்பும் தசையும் இயங்க உடம்புக்குச் சோடியம் வேண்டும். ஆயினும் வேண்டும் அளவு சிறிது. அதற்கு மேற்பட்டதைச் சிறுநீரகங்கள் வெளியேற்றுகின்றன. வெளியேற்ற இயலாமல் தங்கியது, தன்னுடன் நீரையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. அதனால் இரத்தத்தின் அளவு கூடி, இரத்தக் குழாய்களின் சுவர்மீது அழுத்தம் ஏறுகிறது. வாய்க்கால் கொள்ளும் அளவுக்கு மிஞ்சி மதகைத் திறந்துவிட்டால் கரை என்னாகும் என்பதைப் பங்காரு வாய்க்கால் பாசனத்தில் பயிரிடும் நம் குடியானவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை.

இரத்தக் கொதிப்பு என்று ஜனங்கள் சொல்லும் இந்த மிகை அழுத்தம், பெரும்பாலும் யாதோர் அறிகுறியும் காட்டுவதில்லை. தலைவலியுமின்றி, களைப்புமின்றிப் பல ஆண்டுகள் வயலிலும் களத்திலும் உழைத்துவந்த ஒருவர், ஒரு விடியற்காலையில் வாய் கோணி, ஒருபுறத்துக் கையும் காலும் வசமிழந்து விழுந்துவிடுகிறார். அதன்பின் வீட்டில் உழைக்கும் கை ஒன்று குறைவதோடு, அவரைப் பார்த்துக்கொள்ள மற்றொருவரும் வேலையை விடவேண்டியதாகிறது. பக்கவாதத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. எனினும், உப்பைக் குறைப்பதால் அழுத்தம் இறங்குவதும், அழுத்தம் இறங்குவதால் இவ்வபாயம் குறைவதும் ஐயமற நிறுவப்பட்டவை.

வயது வந்த ஒருவர் நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே உட்கொள்ள வேண்டுமென்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் விதி. குழந்தைகளுக்கு இதனினும் குறைவு போதும். 2017–18-ஆம் ஆண்டுகளில் இந்தியாவில் நடத்தப்பட்ட தேசிய ஆய்வொன்றில், வயது வந்தோர் சராசரியாக உட்கொண்டது நாளொன்றுக்கு ஏறத்தாழ 8 கிராம் எனத் தெரியவந்தது.

நெல் விளையும் ஊரில் உப்பு மிகுவதேன்?

பாகூர், புதுச்சேரிப் பகுதியின் நெற்களஞ்சியம். தென்பெண்ணையாற்று நீர் பங்காரு வாய்க்கால் வழியே பாகூர் ஏரியை அடைந்து, சொர்ணவாரி, சம்பா, நவரை என்னும் பட்டங்களில் நெல் விளைகிறது. ஆகவே இங்குள்ளார்க்குச் சோறே பிரதான ஆகாரம். அரிசியில் சோடியம் மிகச் சொற்பம். சோற்றையும் நாம் உப்பிடாமலே வடிக்கிறோம். எனில், இவ்வளவு உப்பு எங்கிருந்து வருகிறது?

வட்டில் நிறைந்த சோற்றுக்கு வேண்டிய உப்பு முழுவதையும் ஒரு கரண்டிக் குழம்பே சுமக்கிறது. சோறு எவ்வளவு மிகுகிறதோ, அவ்வளவுக்குக் குழம்பில் உப்பு ஏறுகிறது. காய்கறியும் பருப்பும் கூடிச் சோறு சற்றுக் குறைந்தால், குழம்பு உறைப்பாயிருக்கவேண்டிய அவசியமே குறைந்துவிடும். உப்பைக் குறைக்க விரும்புவோர் முதலில் நோக்கவேண்டியது உப்பு ஜாடியைவிடச் சோற்று வட்டிலை என்பது இதனால் விளங்கும்.

இரண்டாவது காரணம் தொட்டுக்கொள்ளும் பண்டங்கள். காலையில் பழைய சோற்றில் உப்பிட்டுப் பிசைந்து, மோர் மிளகாயோ ஊறுகாயோ சுட்ட கருவாடோ தொட்டுக்கொள்வது நம் வழக்கம். பழைய சோறு நல்ல ஆகாரம். அதனைக் கைவிட வேண்டுவதில்லை. ஆனால் சோற்றிலும் உப்பு, தொட்டுக்கொள்வதிலும் உப்பு என்று இரட்டிப்பாக்குவது வேண்டாதது. ஊறுகாயோ கருவாடோ உள்ள நாளில் சோற்றில் உப்பிடாதிருக்கவும். சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் தொட்டுக்கொள்ளும் நாளில் சோற்றில் ஒரு சிட்டிகை இட்டுக்கொள்ளவும்.

வீட்டு உப்புக் கணக்கு

வீட்டில் செலவாகும் உப்பை அறிய எளிய வழியொன்று உண்டு. ஒரு கிலோ உப்புப் பொட்டலத்தைப் பிரிக்கும் நாளைச் சுவரிலோ நாட்காட்டியிலோ குறித்துவைத்து, அது தீரும் நாளையும் குறிக்கவும். மீன் கழுவவும் பாத்திரம் துலக்கவும் எடுக்கும் உப்பை வேறு டப்பாவில் தனியே வைத்துக்கொள்ளவேண்டும். இல்லையேல் கணக்குப் பொய்க்கும்.

நான்கு பேருள்ள வீட்டில், தலைக்கு 5 கிராம் வீதம் நாளொன்றுக்கு 20 கிராம். இதில் கடையில் வாங்கித் தின்னும் பண்டங்களில் மறைந்து வருவதற்கு 4 கிராம் கழித்தால், அடுப்படிக்கு மிஞ்சுவது 16 கிராம். இக்கணக்கின்படி ஒரு கிலோ உப்பு 60 நாட்களுக்குக் குறையாமல் வரவேண்டும். 30 நாளில் தீர்ந்துவிட்டால், அவ்வீட்டார் வேண்டியதைப்போல் இருமடங்கு உண்கின்றனர் என்பது பொருள். இந்த ஒரு கணக்கைச் செய்து பார்த்த குடும்பத்துக்கு வேறு உபதேசம் அதிகம் வேண்டுவதில்லை.

வழித்த தேக்கரண்டி ஒன்றில் பொடியுப்பு 5 முதல் 6 கிராம் வரை நிற்கும். ஆகவே நான்கு பேர் வீட்டின் ஒரு நாள் சமையலுக்கு மூன்று தேக்கரண்டி உப்பே எல்லை எனக் கொள்ளலாம். காலையில் அந்த மூன்று கரண்டியை ஒரு சிறு கிண்ணத்தில் அளந்து எடுத்துவைத்து, அன்றைய சமையலை அதற்குள் முடிப்பது, புதிதாகச் சமைப்பவர்க்கு மிகவும் ஏற்ற முறை.

பெயர் மாறி வரும் உப்பு

உப்பென்று பெயர் சொல்லாமலே சோடியம் பல உருவில் வருகிறது. அப்பளத்தில் உப்போடு அப்பளக்காரமும் உண்டு, அதுவும் சோடியமே. இட்லி, பஜ்ஜி, போண்டாவில் இடும் சமையற்சோடாவிலும், அஜினோமோட்டோ என்னும் சுவைப் பொடியிலும் சோடியம் உண்டு. பிரெஞ்சுக்காரர் காலந்தொட்டுப் புதுச்சேரியில் பழக்கமாகிவிட்ட ரொட்டி நாக்குக்கு உப்பாகத் தெரியாவிடினும், அதன் மாவு உப்பிட்டே பிசையப்படுகிறது. மிக்சர், முறுக்கு, பிஸ்கோத்து, பொட்டலத்து நூடுல்ஸ் ஆகியவற்றைப் பற்றிச் சொல்லவேண்டுவதில்லை.

பொட்டலங்களின் மேல் சோடியத்தின் அளவு மில்லிகிராமில் அச்சிடப்பட்டிருக்கும். 400 மில்லிகிராம் சோடியம் ஒரு கிராம் உப்புக்குச் சமம் என்று நினைவிற் கொண்டால், படிக்கத் தெரிந்த சிறுவர்களே வீட்டாருக்குக் கணக்குச் சொல்லிவிடலாம்.

இந்துப்பும் கல்லுப்பும் கெடுதல் செய்யா என்று சிலர் நம்புகின்றனர். எடைக்கு எடை அவற்றிலும் ஏறத்தாழ அதே அளவு சோடியமே உள்ளது. மேலும் அவற்றில் அயோடின் சேர்க்கப்படாமலிருக்கலாம். அயோடின் குறைந்தால் கழுத்தில் கழலை உண்டாவதோடு, கருவிலுள்ள சிசுவின் மூளை வளர்ச்சியும் குன்றும். இதனாலேயே அயோடின் கலவாத உப்பை நேரடி உணவுக்கு விற்பது 2006 முதல் இந்தியாவில் தடுக்கப்பட்டுள்ளது. ஆகவே அயோடின் உப்பையே வாங்கி, ஈரமும் வெயிலும் படாத மூடியிட்ட ஜாடியில் வைத்து, குறைவாக உபயோகிப்பதே சரியான முறை.

உப்புக் குறைத்துச் சமைக்கும் விதிகள்

1. கையால் அள்ளிப் போடாமல் கரண்டியால் அளந்து போடவேண்டும்.

2. உப்பைச் சமையலின் இறுதியில் சேர்க்கவேண்டும். முதலிலேயே போட்டால் அது காய்க்குள் இறங்கிவிடுகிறது. நாக்குக்குத் தெரியாமற்போய், மேலும் போடத் தோன்றுகிறது.

3. புளிப்பு, உப்பின் குறையை மறைக்கும். புளி, எலுமிச்சை, மாங்காய், தக்காளி, தயிர் ஆகியவற்றில் ஒன்றையாவது சேர்க்கவேண்டும். எலுமிச்சைச் சாற்றை அடுப்பிலிருந்து இறக்கியபின் பிழிய வேண்டும்.

4. மல்லி, மிளகு, சீரகம் முதலியவற்றை அவ்வப்போது வறுத்துப் பொடிக்கவேண்டும். நாட்பட்ட பொடியில் மணம் போய்விடும். மணம் போன குறையை உப்பால் நிரப்பவே கை நீளும். கடைப் பொடிகள் சிலவற்றில் உப்பும் கலந்திருக்கும்.

5. தாளிப்பை இறக்கும் சமயத்தில் செய்யவேண்டும். பூண்டு, பெருங்காயம், கறிவேப்பிலை, கொத்தமல்லி ஆகியவற்றில் கஞ்சத்தனம் கூடாது.

6. உண்ணும் இடத்தில் உப்புக் கிண்ணம் வைக்கலாகாது. இலையில் முதலில் உப்பு வைக்கும் வழக்கத்தை விருந்து நாட்களோடு நிறுத்திக்கொள்ளலாம்.

7. ஒரே நாளில் பாதியாகக் குறைத்தால் வீட்டார் வட்டிலைத் தள்ளிவிடுவர். முதல் இரண்டு வாரம் வழக்கத்தில் நான்கில் ஒரு பங்கு குறைத்து, பின் மேலும் சிறிது சிறிதாகக் குறைக்கவேண்டும். சில வாரங்களில் நாக்கு பழகிவிடும். அதன்பின் பழைய அளவு கரிக்கும்.

மாதிரிச் சமையல் (நான்கு பேருக்கு)

முருங்கைக்காய்ப் பருப்புக் குழம்பு: துவரம் பருப்பு 150 கிராம், முருங்கைக்காய் 2, கத்தரிக்காய் 4, சின்ன வெங்காயம் 15, தக்காளி 2, நெல்லிக்காயளவு புளி. மல்லி 2 மேசைக்கரண்டி, சீரகம் 1 தேக்கரண்டி, மிளகு அரைத் தேக்கரண்டி, வெந்தயம் கால் தேக்கரண்டி, காய்ந்த மிளகாய் 4 ஆகியவற்றை எண்ணெயின்றி மணம் வர வறுத்துப் பொடித்துக்கொள்ளவும். பருப்பை மஞ்சளிட்டுக் குழைய வேகவிடவும். வெங்காயத்தையும் தக்காளியையும் சிறிது நல்லெண்ணெயில் வதக்கி, காய்களையும் பொடியையும் சேர்த்து, புளிநீர் விட்டுக் கொதிக்கவிடவும். காய் வெந்தபின் பருப்பைக் கொட்டி, ஒரு கொதி வந்ததும் முக்கால் தேக்கரண்டி உப்பிடவும். இறக்கும்போது கடுகு, பெருங்காயம், பூண்டு, கறிவேப்பிலை தாளித்துக் கொட்டவும். குழம்பு நீர்த்திராமல் சற்றுக் கெட்டியாயிருந்தால் உப்புக் குறைவு தெரியாது.

கீரைப் பொரியல்: அரைக்கீரையோ முருங்கைக் கீரையோ எதுவாயினும் வெந்தால் சுண்டிவிடும். பச்சைக் கீரையின் குவியலைக் கண்டு உப்பிடுவதால்தான் நம் வீடுகளில் கீரை அடிக்கடி கரிக்கிறது. பூண்டும் காய்ந்த மிளகாயும் தாளித்துக் கீரையை வதக்கி, சுண்டியபின் ஒரு சிட்டிகை உப்பும் ஒரு பிடி தேங்காய்த் துருவலும் சேர்த்தால் போதும். கீரை, வாழைத்தண்டு, வாழைப்பூ, பயறு ஆகியவற்றிலுள்ள பொட்டாசியம் சோடியத்தை வெளியேற்ற உதவுவதால், இவை இரட்டிப்பு நன்மை தருவன.

மிளகு ரசம்: வழக்கம்போல் வைத்து, மிளகு, சீரகம், பூண்டைப் புதிதாகத் தட்டிப்போட்டு, நுரை கூடியதும் இறக்கி, கால் தேக்கரண்டிக்குச் சற்று மேற்பட்ட உப்பும் அரை மூடி எலுமிச்சைச் சாறும் சேர்க்கவும்.

இம்மூன்றுக்கும் சேர்த்து 7 கிராம் அளவில் உப்புச் செல்லும். காலை இட்லிக்கும் சட்னிக்கும் 4 கிராம், இரவு உணவுக்கு 5 கிராம் என வைத்தால் 16 கிராம் கணக்கு நிரம்பிவிடும். இட்லி மாவு உப்பின்றியும் புளித்துப் பொங்கும். அன்றன்று வார்க்கும் மாவில் மட்டும் அளந்து உப்பிட்டுக்கொள்ளலாம்.

காக்கும் உப்பு

இனி இரண்டாவது வேலையைக் காண்போம். உணவைக் கெடுப்பவை கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களும் பூஞ்சைகளும். அவை வாழ ஈரம் வேண்டும். உப்பு, பண்டத்திலுள்ள ஈரத்தை அவற்றுக்கு எட்டாதபடி கட்டிவிடுகிறது. இதனால் உப்பைக் குறைக்கும்போது, அதே வேலையை வேறொன்று செய்தாகவேண்டும். வெயிலில் முற்ற உலர்த்துதல், புளிப்பேற்றுதல், குளிரில் வைத்தல், சிறிது சிறிதாகச் செய்து உடனே உண்ணுதல் ஆகிய நான்கும் அவ்வேலையைச் செய்யும். இவற்றில் ஒன்றும் செய்யாமல் உப்பை மட்டும் குறைப்பது அபாயம்.

வற்றல்: கொத்தவரங்காய், கத்தரிக்காய் போன்றவற்றை மெல்லியதாக நறுக்கி, கொதிநீரில் இரண்டு மூன்று நிமிஷம் போட்டெடுத்து, உப்பின்றியே உலர்த்தலாம். சுண்டை, மணத்தக்காளி ஆகியவற்றைப் புளித்த மோரில் சிறிதளவே உப்பிட்டு ஊறவைத்து உலர்த்தலாம். எதுவாயினும் ஒடித்தால் சட்டென ஒடியவேண்டும். வளைந்தால் இன்னும் ஈரமுண்டு என்பது பொருள். மாசி முதல் வைகாசி வரை இதற்கேற்ற காலம். ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றிலுள்ள ஈரத்தை வற்றல் இழுத்துக்கொள்ளுமாதலால், காற்றுப் புகாத பாத்திரத்தில் வைத்து, வெயில் கண்ட நாளில் மீண்டும் காயவைக்கவேண்டும்.

வடகம்: நம் பகுதியின் தாளிப்பு வடகம், உப்புக் குறைத்துச் சமைப்பவர்க்கு நல்ல துணை. பிரான்ஸ் தேசத்துச் சமையலில் 'வடுவான்' என்று வழங்கும் மசாலை இதன் வழிவந்ததே. சின்ன வெங்காயம் 1 கிலோ, பூண்டு 100 கிராம், உளுந்து 100 கிராம், கடுகு, சீரகம், வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை, சிறிது விளக்கெண்ணெய் ஆகியவை வேண்டும். வெங்காயத்தையும் பூண்டையும் ஒன்றிரண்டாக இடித்து, ஊறிய உளுந்தையும் மற்றவற்றையும் கலந்து, இரண்டு தேக்கரண்டி உப்பு மட்டும் சேர்க்கவும். உப்புக் குறைவாயிருப்பதால் பெரிய உருண்டைகளாகப் பிடிக்கலாகாது. உட்புறத்தில் ஈரம் தங்கிப் பூசணம் பிடிக்கும். கோலிக்குண்டளவு உருட்டியோ, உதிரியாகப் பரப்பியோ கடும் வெயிலில் காயவைக்கவும். கல்போல் காயும்வரை நாள்தோறும் வெயிலில் வைத்து எடுக்கவேண்டும். குழம்பை இறக்கும்போது சிறிதளவு வடகத்தை எண்ணெயில் பொரித்துக் கொட்டினால், வீடெங்கும் கமழும் அம்மணத்தில் உப்பின் குறையை ஒருவரும் கவனியார்.

ஊறுகாய்: ஆண்டுக்கணக்கில் வைக்கும் மாங்காய் ஊறுகாய்க்கு ஒரு கிலோவுக்கு 150 முதல் 200 கிராம் வரை உப்பிடுவது வழக்கம். அதனை வெளியே வைத்துக் காக்கவேண்டுமானால் இவ்வளவைக் குறைக்கலாகாது. குறைக்கவேண்டியது நாம் உண்ணும் அளவை. பெரிய கரண்டியாக ஒரு கரண்டி எடுத்தால் அதிலேயே ஒன்றரைக் கிராமுக்கு மேல் உப்பு வந்துவிடும். ஆகையால் ஊறுகாய் ஜாடிக்கு மிகச் சிறிய கரண்டியைப் போட்டுவைத்து, வாரம் இரண்டு நாளைக்கு மட்டும் எடுக்கலாம். மற்ற நாட்களில் மாங்காயையோ நெல்லிக்காயையோ பொடியாக நறுக்கி, மிளகாய்த்தூளும் சிட்டிகை உப்பும் சேர்த்துக் கடுகு தாளித்து, அன்றே உண்ணலாம்; குளிர்ப்பெட்டியில் இரண்டு மூன்று நாள் நிற்கும். உப்பும் புளிப்புமின்றிப் பூண்டை எண்ணெயில் ஊறவைத்து வெளியே வைப்பது மிகவும் ஆபத்தானது. அதில் உண்டாகும் நஞ்சு நிறத்தாலும் மணத்தாலும் தன்னைக் காட்டிக்கொள்ளாது.

கருவாடு: கடலோரக் குப்பங்கள் அருகிலிருப்பதால் நம் வீடுகளில் கருவாட்டுக்குக் குறைவில்லை. நெத்திலி போன்ற சிறு மீன்களை உப்பிடாமலே காயவைத்து விற்பதுண்டு. கேட்டு அதனை வாங்கவும். உப்பிட்ட கருவாட்டை அரைமணி நேரம் நீரில் ஊறவைத்து, அந்நீரைக் கொட்டி, மறுமுறையும் அவ்வாறே செய்தால் உப்பில் நல்ல பங்கு கழிந்துவிடும். பின்னர்க் குழம்பில் வேறு உப்பிட வேண்டுவதில்லை. அரைகுறை உப்பும் அரைகுறைக் காய்ச்சலுமான கருவாட்டை வாங்கலாகாது.

சோறும் குழம்பும்: வடித்த சோற்றைச் சூட்டுடன் மூடி நெடுநேரம் வெளியே வைத்தால், அதில் பெருகும் ஒருவகை நுண்ணுயிர் நஞ்சை உண்டாக்கும்; பின்னர்ச் சூடாக்கினாலும் அந்நஞ்சு நீங்காது. ஆகவே மிஞ்சிய சோற்றை ஆறவிட்டு இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்ப்பெட்டியில் வைக்கவும், அல்லது நல்ல நீர் ஊற்றி வைத்து மறுநாட்காலையிலேயே உண்டு தீர்க்கவும். நுரைத்ததும் நாறியதும் ஆகாது. குளிரில் வைத்த குழம்பை வேண்டிய அளவு மட்டும் எடுத்து, தளதளவெனக் கொதிக்கவைத்து உண்ணவேண்டும். சுண்டிய குழம்பில் உப்பு ஏறியிருக்குமாதலால் சிறிது வெந்நீர் சேர்க்கலாம்.

உப்புக்குப் பதில் உப்பு

சோடியத்தில் ஒரு பகுதியை நீக்கிப் பொட்டாசியம் சேர்த்த உப்பும் இன்று கடைகளில் கிடைக்கிறது. வட சீனாவில் 600 கிராமங்களில், ஏறத்தாழ 21,000 பேரைக்கொண்டு ஐந்தாண்டு நடத்திய சோதனையின் முடிவு 2021-இல் வெளியாயிற்று. அவர்கள் முன்னரே பக்கவாதம் கண்டவர்கள், அல்லது 60 வயதைக் கடந்து இரத்தக் கொதிப்புடையவர்கள். நான்கில் ஒரு பங்கு பொட்டாசியம் உப்புக் கலந்ததை உபயோகித்தவர்களிடத்தில், சாதாரண உப்பை உபயோகித்தவர்களைவிடப் பக்கவாதம் நூற்றுக்கு 14 விகிதம் குறைவாயிருந்தது. அவர்களும் நம்மைப்போல் வீட்டிலேயே சமைத்துண்ணும் கிராமத்தாரே. ஆனால் சிறுநீரக வியாதியுள்ளவர்களுக்கும், பொட்டாசியத்தை உடம்பில் தங்கவைக்கும் மருந்துகள் உட்கொள்வோர்க்கும் இவ்வுப்பு தீங்கு செய்யும். அது இதயத் துடிப்பையே பாதிக்கக்கூடும். வைத்தியரைக் கேளாமல் அவர்கள் இதனைத் தொடலாகாது.

சில எச்சரிக்கைகள்

கத்திரி வெயிலில் நாள் முழுதும் நடவு, அறுப்பு வேலை செய்வோர்க்கு வியர்வையால் உப்பு இழப்பு உண்டு. அவர்கள் உப்பை அறவே ஒழிக்கவேண்டுமென்று இப்பாடம் சொல்லவில்லை. சிட்டிகை உப்பிட்ட நீர்மோரோ கஞ்சியோ அவர்களுக்கு ஏற்றது. அதற்காக வீட்டார் எல்லாரும் வேலையற்ற நாளிலும் அதே உறைப்பில் உண்பது தகாது. வயிற்றுப்போக்குக் கண்டவர்க்குக் கொடுக்கும் உப்பு சர்க்கரைக் கரைசலையும் இதனோடு குழப்பிக்கொள்ளலாகாது, அது மருந்து.

இரத்தக் கொதிப்புக்கு மாத்திரை உட்கொள்வோர், உப்பைக் குறைத்துவிட்டோமென்று மாத்திரையைத் தாமாக நிறுத்தலாகாது. முப்பது வயது கடந்த ஒவ்வொருவரும் அருகிலுள்ள நலவழி மையத்துக்குச் சென்று ஆண்டுக்கு ஒருமுறையேனும் அழுத்தத்தை அளந்துகொள்வது கடமை. ஒருவர்க்குத் திடீரென வாய் கோணுதல், பேச்சுக் குழறுதல், கை கால் வலுவிழத்தல் கண்டால், கைவைத்தியத்தில் நேரம் போக்காமல் அக்கணமே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லவேண்டும். முதல் சில மணி நேரத்துக்குள் செய்யும் சிகிச்சையே பெரும்பாலும் பலன் தரும்.

பாடத்தின் சுருக்கம்

ருசிக்கு இடும் உப்பை அளந்து, இறுதியில் இட்டு, மெல்ல மெல்லக் குறைக்கவேண்டும். புளிப்பும் மணமும் அதற்கு ஈடு செய்யும். காப்பதற்கு இடும் உப்பைக் குறைப்பதாயின் வெயில், புளிப்பு, குளிர் இவற்றில் ஒன்றை அதனிடத்தில் வைக்கவேண்டும். இயலாவிடின் அப்பண்டத்தை உண்ணும் அளவைக் குறைக்கவேண்டும். நான்கு பேர் வீட்டில் ஒரு கிலோ உப்பு இரண்டு மாதம் வரவேண்டும்.

வினாக்கள்

1. உங்கள் வீட்டில் ஒரு கிலோ உப்பு எத்தனை நாள் வருகிறது? தலைக்கு நாளொன்றுக்கு எத்தனை கிராம் ஆகிறது?

2. ஒரு பொட்டலத்தில் சோடியம் 800 மில்லிகிராம் என்றிருந்தால், அது எத்தனை கிராம் உப்புக்குச் சமம்?

3. கீரையில் உப்பு மிகுந்துபோவதற்குக் காரணம் என்ன?

4. மாங்காய் ஊறுகாயில் உப்பைக் குறைத்து வெளியே வைப்பது ஏன் கூடாது?

5. நேற்று உங்கள் வீட்டில் உண்ட பண்டங்களை எழுதி, எவற்றில் உப்பு ருசிக்காகவும் எவற்றில் காப்பதற்காகவும் இடப்பட்டது என்று பிரித்துக் காட்டுக.

முதல் வினாவுக்கு விடை காண இரண்டு மாதம் ஆகலாம். அடுத்த பொட்டலத்தைப் பிரிக்கும்போதே தேதியைக் குறித்துவைக்கவும்.